உயரம் எழுதிய கொப்பி

மலர்க் குழுவினர் எம்மிடம் கேட்டது "கல்லூரியும் சுகாதாரமும்" என்ற தலைப்பில் இரண்டு பக்கம். வைத்தியர் ஒருவர் எழுதினால் நீரிழிவு, கொழுப்பு, நடைப்பயிற்சி என்று நாலு புத்திமதி வரும் என எதிர்பார்த்திருப்பார்கள். நாமும் அந்த எண்ணத்தோடுதான் போனோம். சங்கத்தின் பழைய ஆவணங்களைத் தேடி முதலுதவி அறை அலுமாரியைத் திறந்தபோது, கறையான் ஒரு மூலையைத் தின்றுவிட்ட சீ.ஆர். கொப்பி ஒன்று அடித்தட்டில் கிடந்தது. அதைத் திறந்து பார்த்தபின் நீரிழிவு மறந்துபோயிற்று.

அட்டையில் "உயரம் – நிறை" என்று எழுதியிருந்தது. எமது உடற்கல்வி ரீச்சரின் கையெழுத்து என்பது பார்த்தவுடனேயே தெரிந்தது. அந்த "றை" யை வேறு யாரும் அப்படிச் சுழிப்பதில்லை. ஆண்டுக்கு இரண்டு தடவை எம்மை வரிசையில் நிறுத்திச் சப்பாத்தைக் கழற்றச் சொல்லுவார். சுவரில் அறைந்திருந்த அளவுச் சட்டத்தோடு குதிக்கால் முட்ட நிற்கவேண்டும். இரட்டைப் பின்னலை மடித்து உச்சியில் கட்டியவர்கள் ரிபனை அவிழ்க்கவேண்டும். கட்டையானவர்கள் மூச்சை இழுத்து மெல்லக் குதிக்காலை உயர்த்துவோம், அதையும் கண்டுபிடித்துவிடுவார். நெட்டையானவர்கள் முழங்காலை மடிப்பார்கள். அதற்கும் ஏச்சு விழும்.

இது உடற்கல்விப் பாடத்தில் வரும் ஒரு வேலை என்றுதான் அப்போது நினைத்தோம். வைத்திய பீடத்துக்குப் போய், பின்னர் பிள்ளைகளின் வளர்ச்சியைப் பார்ப்பதே தொழிலானபிறகுதான், ரீச்சர் செய்தது இருநூற்றைம்பது ஆண்டுப் பழக்கம் ஒன்றின் தொடர்ச்சி என்று விளங்கியது.

அந்தப் பழக்கத்தின் தொடக்கத்தில் நிற்பவர் பிரான்ஸ் நாட்டுப் பிரபு ஒருவர், மொன்பெயார். 1759 இல் தமக்குப் பிறந்த மகனை, பிறந்த நாள்முதல் 1777 வரை, ஏறக்குறைய ஆறு மாதத்துக்கொரு முறை அளந்து எழுதி வைத்தார். அவருடைய நண்பரான இயற்கை விஞ்ஞானி புஃபோன் தமது பெருநூலின் இணைப்பில் அந்த அளவுகளை அச்சிட்டார். பிறந்தபோது 51 சென்ரிமீற்றர் அளவில் இருந்த பிள்ளை 18 வயதில் ஏறக்குறைய 187 சென்ரிமீற்றர். இந்த எண்களை வரைபடமாக்கினால் கிடைக்கும் கோட்டை இன்றும் எமது மாணவர்களுக்குக் காட்டுகிறோம். ஏனென்றால் மனித வளர்ச்சியின் வடிவம் முழுவதும் அதில் இருக்கிறது. முதல் வருடத்தில் பாய்ச்சல், பிறகு ஆண்டுதோறும் குறைந்துகொண்டு போகும் வேகம், பதின்மூன்று பதினான்கில் திடீரென ஒரு எழுச்சி, பின்னர் ஓய்வு. ஒரு தகப்பனின் பொறுமையால் கிடைத்த கோடு அது.

அடுத்த நூற்றாண்டில் அளவுகோல் பிரபுக்களின் வீட்டிலிருந்து ஏழைப் பிள்ளைகளிடம் வந்தது. அது அன்பினால் வந்ததல்ல. இங்கிலாந்தின் 1833 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்பது வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை நூலாலைகளில் வேலைக்கு வைக்கக்கூடாது என்றது. ஆனால் அன்று அங்கே பிறப்புப் பதிவு இல்லை. வயதை எப்படி அறிவது? வைத்தியர்கள் உயரத்தைப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தார்கள். உயரத்தைவிடப் பல்தான் நம்பத்தகுந்தது என்று 1837 இல் சோண்டர்ஸ் என்ற பல்வைத்தியர் வாதிட்டார். இதில் உள்ள கொடுமை, ஒழுங்காகச் சாப்பிட்டு உயர்ந்த பிள்ளை வேலைக்குப் போகத் தகுதி பெறும் என்பது. இன்றும் ஐரோப்பாவில் தஞ்சம் கேட்டு வருகின்ற பிள்ளைகளின் வயதை அறிய மணிக்கட்டை எக்ஸ்றே எடுக்கிறார்கள். இந்த மலரை வாசிக்கும் சகோதரிகள் சிலருக்கு அதைப்பற்றிச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

பிரான்சில் வில்லெர்மே என்ற வைத்தியர், படைக்கு ஆள் சேர்க்கும்போது எடுத்த அளவுகளை ஆராய்ந்து, வறுமைதான் மனிதரைக் கட்டையாக்குகிறது என்று 1829 இலேயே எழுதிவிட்டார். மண்ணும் காற்றும் சாதியும் காரணம் என்று பலர் நம்பிய காலம் அது.

பெண்பிள்ளைகளின் கதை பொஸ்ரன் நகரில் தொடங்குகிறது. அங்கே பௌடிச் என்ற உடற்றொழிலியற் பேராசிரியர் பாடசாலைப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கானோரை அளப்பித்து 1877 இல் முடிவுகளை வெளியிட்டார். பன்னிரண்டரை வயதளவில் பெண்பிள்ளைகள் உயரத்திலும் நிறையிலும் ஆண்பிள்ளைகளை முந்துகிறார்கள், பதினைந்தை அண்மிக்கும்போது பின்தங்குகிறார்கள் என்பதை எண்களால் காட்டினார். பெண்கள் கல்லூரியில் படித்த எமக்கு இது தெரிய வாய்ப்பில்லை. ரியூசனுக்குப் போனபோதுதான் தெரிந்தது. தரம் 7 இல் எம்மைவிடக் கட்டையாக முன்வாங்கில் இருந்த பையன்கள் தரம் 10 இல் பின்வாங்குக்குப் போயிருந்தார்கள்.

பிறகு வந்த பிரான்ஸ் போவாஸ் இன்னொன்றைச் சொன்னார். ஒரே வயதுப் பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிச் சராசரி எடுத்தால் அந்த எழுச்சி மங்கிப்போகும். ஏனென்றால் ஒவ்வொரு பிள்ளையும் தன்தன் காலத்தில் எழுகிறது. ஆகவே அதே பிள்ளையைத் திரும்பத் திரும்ப அளக்கவேண்டும். எமது ரீச்சரின் கொப்பியின் பெறுமதி இதிலேதான் இருக்கிறது. தரம் 6 இல் தொடங்கும் ஒவ்வொரு பெயருக்கும் பக்கவாட்டில் ஆண்டாண்டாக எண்கள் நீள்கின்றன.

உணவும் வளர்ச்சியும் பற்றிய ஆராய்ச்சிகளில் எமக்கு மிகவும் பிடித்தது தோற்றுப்போன ஒன்று. 1930 இல் ஸ்கொட்லாந்தின் லனார்க்ஷயர் மாவட்டத்தில் 20,000 பாடசாலைப் பிள்ளைகளை வைத்து ஒரு பெரிய சோதனை செய்தார்கள். பாதிப்பேருக்கு நாளாந்தம் முக்கால் பைந்து பால், மற்றவர்களுக்கு இல்லை. பெப்ரவரியில் அளந்து யூனில் மீண்டும் அளந்தார்கள். பால் குடித்தவர்கள் கூட வளர்ந்தார்கள் என்று அறிக்கை வந்தது. அடுத்த ஆண்டு, "மாணவன்" என்று பொருள்படும் புனைபெயரில் எழுதிய கணிதவியலாளர் கொசெற் (டப்ளின் கின்னஸ் மதுபான ஆலையில் வேலைபார்த்தவர்) அந்த அறிக்கையைப் பிரித்து மேய்ந்துவிட்டார். யாருக்குப் பால் என்பதைச் சீட்டுப்போட்டோ பெயரின் எழுத்து வரிசைப்படியோ தெரிந்தார்கள். ஆனால் தெரிவு ஒருபக்கமாகச் சாய்ந்ததாகத் தோன்றினால் ஆளை மாற்றலாம் என்று அதிபர்களுக்கு அனுமதி இருந்தது. அவர்கள் என்ன செய்தார்கள்? மெலிந்த, ஏழைப்பட்ட பிள்ளைகளைப் பார்த்துப் பால் வரிசைக்கு மாற்றிவிட்டார்கள். அதனால் பால் கிடைக்காத பிள்ளைகள் தொடக்கத்திலேயே பால் கிடைத்தவர்களைவிடச் சில மாத வளர்ச்சி முன்னால் நின்றார்கள். போதாக்குறைக்கு, நிறை பார்த்தது உடுப்போடு. பெப்ரவரியில் கம்பளி, யூனில் மெல்லிய சட்டை. வசதியுள்ள பிள்ளையின் கம்பளி கனமானது. இதற்கு இருபதினாயிரம் பேர் தேவையில்லை, ஐம்பது சோடி ஒத்த இரட்டையர் போதும் என்று கொசெற் முடித்தார்.

விஞ்ஞானம் கெட்டது உண்மைதான். ஆனால் அந்த ஆசிரியைமாரைக் குறைசொல்ல எமக்கு மனம் வரவில்லை. எமது மூத்த அக்காமார் பாடசாலையில் கெயார் நிறுவனத்தின் பால்மாவையும் பின்னாளில் பணிஸையும் நினைவுகூருவார்கள். வரிசையின் கடைசியில் நின்ற ஒருத்திக்கு இரண்டாவது பணிஸ் எப்படிக் கிடைத்தது என்று அவர்களிடம் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு ஆராய்ச்சியைச் சற்று நீளமாகவே சொல்லவேண்டும். இரண்டாம் உலகப்போர் முடிந்தபின், பிரித்தானியப் போசணை விஞ்ஞானி எல்சி விடோசன் ஜேர்மனியில் இரண்டு அநாதை இல்லங்களில் வேலைசெய்தார். ஒவ்வொன்றிலும் ஐம்பது பிள்ளைகள் அளவில்; இரண்டிலும் ஒரே பங்கீட்டு உணவு. முதல் ஆறு மாதம் மேலதிகமாக எதுவும் கொடுக்காமல் நிறையை மட்டும் பார்த்தார். அடுத்த ஆறு மாதம் ஒரு இல்லத்துக்கு மட்டும் மேலதிகப் பாண், ஜாம், தோடம்பழச் சாறு கொடுத்தார். எதிர்பார்த்ததற்கு நேர்மாறாக நடந்தது. மேலதிகம் கிடைக்காத இல்லத்துப் பிள்ளைகளே நன்றாக நிறை கூடினார்கள். தேடிப்பார்த்தபோது காரணம் ஒரு மேற்பார்வையாளர். முதல் ஆறு மாதம் ஒரு இல்லத்தில் இருந்த அந்தக் கடுமையான அம்மையார், மேலதிக உணவு தொடங்கிய வேளையில் மற்ற இல்லத்துக்கு மாற்றப்பட்டிருந்தார். சாப்பாட்டு மேசையில்தான் அவர் பிள்ளைகளைப் பகிரங்கமாகக் கண்டிப்பார். சூப் ஆறிப்போகும், பிள்ளை அழும், மற்றவர்களுக்கும் தொண்டை அடைக்கும். அவருக்குப் பிடித்த சில பிள்ளைகளையும் தம்மோடு கூட்டிக்கொண்டு போயிருந்தார். அவர்கள் மட்டும் நன்றாக வளர்ந்தார்கள். 1951 இல் "லான்செற்" சஞ்சிகையில் வெளியான இந்தக் கட்டுரையை, பிள்ளைகளோடு வேலைசெய்யும் ஒவ்வொருவருக்கும் வாசிக்கக் கொடுக்கவேண்டும் என்பது எமது அபிப்பிராயம். விடுதியில் படித்த சகோதரிகள் இப்போது யாரை நினைக்கிறீர்கள் என்பது எமக்குத் தெரியும், பெயர் வேண்டாம்.

அதே ஜேர்மனியில், இன்று எம்மவர் பலர் வாழுகின்ற ஸ்ருட்காட் நகரத்தின் பாடசாலைகள் 1911 ஆம் ஆண்டு தொடக்கம் பிள்ளைகளின் உயரத்தையும் நிறையையும் பதிந்து வந்தன. 1952 இல் ஹோ, ஷில்லர் என்ற இருவர் அந்த நாற்பது ஆண்டுக் கணக்கை வெளியிட்டார்கள். கோடு ஏறிக்கொண்டு போகிறது, முதல் உலகப்போரில் விழுகிறது, மீண்டும் ஏறுகிறது, இரண்டாம் போரில் விழுகிறது. ஒரு நகரத்துப் பிள்ளைகளின் எலும்பு, அந்த நகரத்தின் வரலாற்றைத் தானே எழுதியிருக்கிறது.

இனி எமது கொப்பிக்கு வருவோம்.

நாம் தரம் 3 படிக்கும்போது 1990 இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்றது. பொருளாதாரத் தடை வந்தது. மண்ணெண்ணெய், பற்றரி, உரம் என்று தடைப்பட்டியல் நீண்டது. ஜாம்போத்தல் விளக்கில் படித்த தலைமுறை நாங்கள். 1995 இல் தரம் 8. அந்த ஆண்டு ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தது. அதை இங்கே விவரிக்கப்போவதில்லை, நடந்தவர்களுக்குத் தெரியும். வைத்தியராகச் சொல்லவேண்டிய ஒன்று மட்டும் இருக்கிறது. எமது வகுப்புக்கு அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது. பெண்பிள்ளையின் வளர்ச்சி வேகம் சராசரியாகப் பன்னிரண்டில் உச்சத்தைத் தொடுகிறது. வாழ்நாளிலேயே, முதல் இரண்டு ஆண்டுகளை விட்டால், உடலுக்குச் சாப்பாடும் நித்திரையும் மிகவும் தேவைப்படும் காலம் அது.

கொப்பியில் 1995 யூன் மாதத்துக்குப் பிறகு ஒரு வெற்றுப் பக்கம். அடுத்த பதிவு 1996 ஒக்ரோபர். எமது பெயருக்கு எதிரே: 144 சென்ரிமீற்றர், 34 கிலோ, அடுத்தது 146 சென்ரிமீற்றர், 33 கிலோ. பதினாறு மாதத்தில் இரண்டு சென்ரிமீற்றர். நிறை குறைந்திருக்கிறது. இன்று ஒரு தாய் இந்த எண்களோடு ஒரு பிள்ளையைக் கிளினிக்குக்குக் கொண்டுவந்தால் நாம் அவளைச் சும்மா அனுப்பமாட்டோம்.

ஒரு பிள்ளையின் எண்ணைக் கொண்டு எதையும் நிறுவமுடியாது. எமக்கு அந்த இடைவெளியில் மலேரியாவும் வந்தது. வகுப்பு முழுவதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்கலாமே என்று பேனையை எடுத்தோம். முடியவில்லை. 1995 இல் நாற்பத்தொரு பெயர். 1996 இல் இருபத்திரண்டு பெயருக்கு மட்டுமே எண்கள். மற்றவர்களுக்கு எதிரே ரீச்சர் சிவப்புப் பேனையால் கோடு இழுக்கவில்லை, பெயரை வெட்டவுமில்லை. இடத்தை அப்படியே விட்டிருக்கிறார். வன்னிக்குப் போனவர்கள், கொழும்புக்குப் போனவர்கள், கப்பலேறியவர்கள், விமானமேறியவர்கள். இரண்டு பேரைப்பற்றி இன்றுவரை தகவலில்லை. அந்த இடங்களில் எந்த எண் வந்திருக்கும் என்பதுதான் எமது காலத்து வளர்ச்சி வரலாறு. அது எழுதப்படவில்லை. ஸ்ருட்காட்டுக்குக் கிடைத்த கோடு எமக்குக் கிடைக்கவில்லை.

கொப்பி எப்படித் தப்பியது என்று ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரிடம் கேட்டோம். உடற்கல்வி ரீச்சர் இரண்டு மாற்றுச்சேலைக்கு நடுவில் வைத்துச் சாவகச்சேரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தாராம். "ஏன் ரீச்சர் இதை?" என்று அப்போது யாரோ கேட்டதற்கு, "பிள்ளையள் வளருவினமல்லோ" என்றாராம்.

வளர்ந்தோம். அடுத்த வரிகளில் அது தெரிகிறது. 1997 இல் 151, 1998 இல் 155. பசியோ நோயோ நீங்கியபின் பிள்ளை வழமையான வேகத்தைவிடக் கூடிய வேகத்தில் வளர்ந்து தன் பழைய பாதையைத் தேடிப்பிடிக்கும். இதற்கு 1963 இல் பிராடர், ரானர் முதலிய குழந்தை வளர்ச்சி நிபுணர்கள் "எட்டிப்பிடிக்கும் வளர்ச்சி" என்ற பொருளில் பெயரிட்டார்கள். ரானர் லண்டனில் பிள்ளைகளின் வளர்ச்சியை ஆராய்ந்த பெரியவர். ஒரு சமூகத்தின் நிலையை அறிய அதன் பிள்ளைகளின் உயரத்தைப் பாருங்கள் என்று வாழ்நாளெல்லாம் சொன்னவர். எட்டிப்பிடிப்பது எப்போதும் முழுமையாக நடப்பதில்லை. பட்டினி எந்த வயதில் வந்தது, எவ்வளவு காலம் நீடித்தது என்பதைப் பொறுத்தது அது. முதல் இரண்டு ஆண்டுகளில் நீண்டகாலம் பட்டினி கிடந்த பிள்ளை பெரும்பாலும் முழுக்கடனையும் திரும்பப் பெறுவதில்லை. 1995 இல் எமது தாய்மாரின் இடுப்பில் இருந்த தம்பி தங்கைகளைப்பற்றி அதனால்தான் நாம் கூடக் கவலைப்படுகிறோம்.

இந்த இடத்தில் அம்மம்மாமாரைப்பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். பெரியபிள்ளையானவுடன் எமக்கு உழுத்தங்களி, நல்லெண்ணெய், பச்சை முட்டை என்று ஊட்டினார்கள். தடைக்காலத்திலும் எப்படியோ நல்லெண்ணெய் வந்துவிடும். ஆனால் முதல் மாதவிடாய் வருவது உயரத்தின் உச்ச வேகம் கடந்தபிறகு. அதற்குப்பின் சராசரியாக ஐந்து முதல் ஏழு சென்ரிமீற்றர்தான் மிச்சம். விருந்து ஒரு வருடம் பிந்தி வருகிறது! எனினும் முழுவதும் வீணல்ல. எலும்பு நீளும் வேகம் தணிந்தபிறகுதான் அதில் கனிமம் படியும் வேகம் உச்சத்துக்கு வருகிறது. கனடாவின் சஸ்கச்சுவான் மாகாணத்தில் பிள்ளைகளை ஆண்டாண்டாகத் தொடர்ந்து பார்த்த ஆய்வொன்று 1999 இல் சொன்னது: வளர்ந்த ஒருவருடைய எலும்புக் கனிமத்தின் ஏறக்குறைய கால்பங்கு, அந்த உச்சத்தைச் சுற்றியுள்ள இரண்டே ஆண்டுகளில் சேர்ந்துவிடுகிறது. எலும்பு கனக்க உணவு மட்டும் போதாது, ஓட்டமும் துள்ளலும் வேண்டும். நாங்களோ சரியாக அந்த வயதில் பெண்பிள்ளையை வலைப்பந்து அணியிலிருந்து நிற்பாட்டினோம். எமது வகுப்பில் ஏழு பேர் அப்படி நின்றார்கள். வீடுவீடாகப் போய் நாலு பேரைத் திரும்பக் கூட்டிவந்ததும் அதே ரீச்சர்தான். யாழ்ப்பாணத்துப் பிள்ளையான தர்ஜினி சிவலிங்கம் 208 சென்ரிமீற்றர் உயரத்தோடு இலங்கை வலைப்பந்து அணியில் நின்று 2009 இலும் 2018 இலும் ஆசியக் கிண்ணத்தை வெல்ல உதவியபோது, உயரமான பெண்பிள்ளையைக் கூனி நடக்கப் பழக்கிய எமது ஊர் கொஞ்சம் நிமிர்ந்தது.

உயரம் அளக்கக்கூடியது. அசைவைப் படிப்பது இன்னும் கடினம். 1932 இல் நியூயோர்க்கில் மேர்ரில் மக்ரோ என்ற உளவியலாளர் ஜொனி, ஜிம்மி என்ற இரட்டைக் குழந்தைகளை எடுத்து, ஜொனிக்கு மட்டும் பயிற்சி கொடுத்தார். நடப்பதில் ஜொனிக்குப் பெரிய முன்னேற்றம் கிடைக்கவில்லை. இருவரும் தம்பாட்டில் நடந்தார்கள். சரிவில் ஏறுவது, நீந்துவது போன்றவற்றில் ஜொனி பார்த்தவர்களை வியக்கவைத்தான். மூன்று சில்லுச் சைக்கிளில்தான் பாடம் இருந்தது. ஜொனியைப் பதினொரு மாதத்திலேயே ஏற்றிவிட்டார்கள்; மாதக்கணக்காகப் போராடினான். ஜிம்மியை இருபத்திரண்டு மாதத்தில் ஏற்றினார்கள், சீக்கிரமே ஓடினான். "பக்கத்து வீட்டுப் பிள்ளை நடக்குது, என்ர பிள்ளை நடக்கேல்ல" என்று வருகின்ற தாய்மாருக்கு நாம் சொல்வது இதைத்தான். உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாட்டுப் பிள்ளைகளைப் பார்த்து 2006 இல் வெளியிட்ட கணக்கின்படி, தனியே நடக்கும் வயது எட்டு மாதத்திலிருந்து பதினேழரை மாதம் வரை பரந்திருக்கிறது. சில பிள்ளைகள் தவழாமலே நடந்துவிடுகின்றன.

பிறந்த குழந்தையைத் தூக்கிப் பிடித்தால் அடியெடுத்து வைப்பதுபோல் காலை அசைக்கும். இரண்டு மாதத்தில் அது மறைந்துவிடும். மூளை முதிர்வதால் மறைகிறது என்று நெடுங்காலம் படிப்பித்தார்கள். 1984 இல் எஸ்தர் தேலன் என்ற விஞ்ஞானி அந்தக் குழந்தைகளை வெதுவெதுப்பான தண்ணீரில் மார்பளவுக்கு இறக்கினார். கால்கள் மறுபடி நடந்தன. காலில் கொழுப்பு கூடிப் பாரம் தாங்கமுடியாமல்தான் நின்றிருந்தது! உடல் வளரும்போது அசைவும் புதிதாகக் கணக்குப் போடவேண்டியிருக்கிறது.

எமது தலைமுறை அந்தக் கணக்கைச் சைக்கிளில் போட்டது. பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் அப்பாவின் பெரிய சைக்கிளைப் பாருக்குக் கீழால் காலைவிட்டு ஓடப் பழகினோம். பிறகு லுமாலா. பத்து வயதில் பழகியவர்கள் பலர்; அம்மாமார் சிலர் முப்பத்தைந்து வயதில் முழங்கால் தேயப் பழகினார்கள். எம்மைவிட அவர்களுக்குக் கூடக் காலம் எடுத்தது, ஆனால் பழகினார்கள். ரொறன்ரோவில் முப்பது ஆண்டு சைக்கிளையே தொடாத எமது வகுப்புத் தோழி, சென்ற ஆவணியில் ஊருக்கு வந்து, தங்கையின் மகளின் சைக்கிளில் ஏறிக் கோயில்வீதியை ஒரு சுற்றுச் சுற்றினாள். சிறுமூளை மறக்கவில்லை. மூச்சுத்தான் வாங்கியது.

நாற்பதைத் தாண்டினால் தசை மெல்லக் குறைகிறது, விரைந்து சுருங்கும் தசைநார்கள் முதலில். மாதவிடாய் நின்றபின் எலும்பு வேகமாகக் கரைகிறது. எழுபதைக் கடந்தவருடைய நடையைப் பாருங்கள். அடி குட்டையாகும், இரண்டு காலும் ஒருங்கே நிலத்தில் நிற்கும் நேரம் கூடும். நடை பழகும் குழந்தையும் இப்படித்தான் நடக்கும். துலா மிதித்து, உரலிடித்து, பாயில் இருந்தெழும்பி வாழ்ந்த அம்மம்மாமார் பயிற்சி என்ற சொல்லே இல்லாமல் சமநிலையைக் காத்தார்கள். கதிரைக்கும் காருக்கும் மாறிவிட்ட அக்காமார் கையூன்றாமல் கதிரையால் எழும்ப முடிகிறதா என்று பார்க்கவேண்டும். முடியாவிட்டால் வைத்தியரிடம் கேட்கவேண்டும். சமநிலைப் பயிற்சி விழுவதைக் குறைக்கும் என்பது உறுதியாகத் தெரிந்த விடயம். மலர்க் குழு கேட்ட புத்திமதி இதோடு சரி.

நூற்றாண்டையொட்டிச் சங்கம் ஆரம்பப் பிரிவுக்கும் மேற்பிரிவுக்கும் புதிய உயரமானி இரண்டு வாங்கிக் கொடுத்தது. சென்ற மாதம் ஒரு பின்னேரம் தரம் 7 பிள்ளைகளை அளக்கப் போனோம். பழைய அளவுச் சட்டம் இருந்த இடத்தில் ஆணித் துவாரங்கள் மட்டும் இருக்கின்றன. பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். இப்போதும் கட்டையானவர்கள் குதிக்காலை உயர்த்துகிறார்கள். எண்களை எழுதிக்கொண்டிருந்த பிள்ளை கடைசியில் நிமிர்ந்து, "டொக்டர் அன்ரி, நீங்களும் நில்லுங்கோவன்" என்றாள். சப்பாத்தைக் கழற்றிவிட்டு நின்றோம். எமது அடையாள அட்டைக் காலத்து உயரத்தைவிட ஒரு சென்ரிமீற்றர் குறைவு. மனிதர் காலையில் இருப்பதைவிட மாலையில் சற்றுக் கட்டை என்பதை 1724 இலேயே ஆங்கிலேய மதகுரு ஒருவர் கண்டுபிடித்துவிட்டார் என்று சொல்லித் தப்பப் பார்த்தோம். அவள் கேட்கவில்லை. புதுக் கொப்பியின் கடைசி வரியில் எமது பெயரையும் எண்ணையும் எழுதி, பக்கத்தில் அடுத்த தவணைக்கு இடம் விட்டாள்.